வலது பொத்தானுக்குள் எட்டுத் திசைகள்: கேட் (CAD, கணினி வரைவு) மென்பொருளில் மவுஸ் ஜெஸ்ச்சர் அமைத்துப் பழகுவதற்கான முழு வழிகாட்டி

அரிசி ஆலையின் எலிவேட்டருக்கு ஒரு பிளம்மர் பிளாக்கை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் கூட்டை, பொருத்துவதற்கான அடித்தட்டு என்பது எங்கள் திருநெல்வேலி பேட்டைப் பகுதிப் பட்டறைகளில் அன்றாடம் வரையப்படும் பொருள். செவ்வகம் ஒன்று, துளைகள் இரண்டு, அவ்வளவுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி அதை வரைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். கட்டளை மாறும் ஒவ்வொரு முறையும் அம்புக்குறி தட்டை விட்டுத் திரையின் உச்சிக்குச் சென்று, அங்கே ஐகானைத் தேடி, மறுபடியும் தட்டுக்கு இறங்கி வந்தது. "அண்ணாச்சி, ஐகான் எங்க இருக்குன்னு தேடுததுலயே பாதி நேரம் போயிருது" என்றார். அவருடைய குறை கையில் இல்லை. கண் வேலையை விட்டு விலகிப்போய்த் திரும்புவதில் இருந்தது. அன்று மாலை அவருடைய கணினியில் மவுஸ் ஜெஸ்ச்சரை அமைத்துக் கொடுத்தேன். அதே வேலையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மவுஸ் ஜெஸ்ச்சர் என்பது, வலது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஏதேனும் ஒரு திசையில் சிறிது தூரம் இழுத்து, அந்தத் திசைக்கு ஒதுக்கப்பட்ட கட்டளையைத் தொடங்குவதாகும். மெதுவாக இழுத்தால், கட்டளைகளின் ஐகான்கள் அம்புக்குறியைச் சுற்றி ஒரு சக்கரமாக விரியும். எங்கள் வரைவறையில் இதை வீச்சு என்று சொல்கிறோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே குறிப்பிடுகிறேன். படிகளை விளக்குவதற்கு, உறுப்புகளை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளான சாலிட்வொர்க்ஸை அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே அதில் இந்த வசதி இருக்கிறது என்பதோடு, விருப்பப்படி மாற்றிக்கொள்வதற்கும் அதில் நிறைய இடம் உண்டு. பிற மென்பொருள்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

திசை ஏன் விரைவாகிறது

ஓர் இலக்கு தொலைவிலும் சிறியதாகவும் இருந்தால் அதைச் சென்று தொட அதிக நேரம் ஆகும் என்பதை 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கணக்காக எழுதிக் காட்டினார். திரையின் உச்சியில் இருக்கும் ஐகான் தொலைவானது, சிறியதும்கூட. அம்புக்குறி நிற்கும் இடத்தையே மையமாகக் கொண்டு விரியும் சக்கரத்தில் ஒவ்வொரு கட்டளையும் விரல் தூரத்தில் இருக்கிறது. ஒரு முழுத் திசையே அதற்கு இலக்காக அமைவதால் குறி தவறுவதும் குறைகிறது. 1988இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், ஒரே எட்டுக் கட்டளைகளை வரிசைப் பட்டியலாகவும் வட்டமாகவும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, வட்டப் பட்டியலில்தான் நேரமும் பிழையும் குறைந்தன.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கார்டன் கர்ட்டன்பாக் 1993இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் உள்ள கருத்து. விசைப்பலகைக் குறுக்குவழியைக் கற்க விரும்புபவர் இரண்டு வேறு வேலைகளைக் கற்க வேண்டியிருக்கிறது. மெனுவில் தேடுவது ஒரு பழக்கம், விசையை அழுத்துவது முற்றிலும் வேறொரு பழக்கம். ஆயிரம் முறை மெனுவில் தேடினாலும் விசை மனத்தில் பதியாது. வீச்சில் அப்படியில்லை. தெரியாதவர் மெதுவாக இழுத்து, சக்கரம் விரிந்ததும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். தெரிந்தவர் அதே திசையில், அதே அசைவை, சக்கரத்துக்காகக் காத்திராமல் செய்கிறார். தெரியாதவரின் ஒவ்வொரு மெதுவான தேர்வும் தெரிந்தவரின் விரைவான வீச்சுக்கு ஒத்திகையாகிறது. கர்ட்டன்பாக்கும் பில் பக்ஸ்டனும் பின்னர் உண்மையான வேலைச்சூழலில் அளந்தபோது, மெனு விரியக் காத்திருந்து தேர்ந்தெடுப்பதைவிட நேரடி வீச்சு சராசரியாக 3.5 மடங்கு விரைவாக இருந்தது.

நல்ல லேத் ஆபரேட்டர் திருகுவெட்டும்போது, வெட்டுமுனையின் ஓட்டத்தைத் தொடங்கி நிறுத்தும் ஹாஃப் நட் நெம்புகோலைக் குனிந்து பார்ப்பதில்லை. அவர் கண் வெட்டுமுனையிலேயே இருக்கிறது, கை தானாக நெம்புகோலுக்குப் போகிறது. வரைபவருக்கும் அந்த நிலை வேண்டும். கை அங்கே போக வேண்டுமானால் நெம்புகோல் தினமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே எந்தக் கட்டளையை எந்தத் திசையில் வைப்பது என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகுதான் அமைப்புப் பெட்டியைத் திறக்க வேண்டும். பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, இரண்டு வாரத்தில் வீச்சையே கைவிட்டுவிடுகிறார்கள்.

கட்டளைகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு முழு வேலைநாளில் நீங்கள் எந்தெந்தக் கட்டளைகளை எடுக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்து வாருங்கள். அலுப்பான வேலைதான்; ஆயினும் இதைத் தவிர்க்காதீர்கள். காற்றாலைக் கோபுரத்தின் ஏணித் தாங்கிகளை வரைபவருக்கும், தகடு வளைத்துப் பெட்டி செய்பவருக்கும், அப்பள இயந்திரத்தின் உருளைகளை வரைபவருக்கும் பட்டியல் ஒன்றாக வராது. இன்னொருவருடைய பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது இன்னொருவருடைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வது போன்றது.

கோடுகளை எண்ணியபின், மேலே வந்த அனைத்தையும் சக்கரத்தில் போட்டுவிடக் கூடாது. விசைப்பலகையில் ஏற்கெனவே கை பழகிப்போன கட்டளைகளை, அதாவது சேமித்தல், நகலெடுத்தல், செயல்தவிர்த்தல் போன்றவற்றை, அங்கேயே விட்டுவிடுங்கள். கோப்பை மூடுதல், அழித்தல், உறுப்பை முடக்குதல் போன்றவற்றைச் சக்கரத்தில் வைக்கவே கூடாது. வீச்சு தவறுவது இயல்பு. தவறும்போது தொடங்கும் கட்டளை, எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினால் தடமின்றி மறையக்கூடியதாகவோ, வரைபடத்தை மாற்றாததாகவோ இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் வீச்சால் எந்த வரைபடமும் கெடாது.

திசைகளை ஒதுக்குதல்

சாலிட்வொர்க்ஸில் பார்ட் (தனி உறுப்பு), அசெம்பிளி (உறுப்புகளின் இணைப்பு), டிராயிங் (வரைபடத் தாள்), ஸ்கெட்ச் (ஒரு தளத்தில் வரையும் கோட்டுருவம்) ஆகிய நான்கு நிலைகளுக்கும் தனித்தனிச் சக்கரங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் தோன்றியபடி கட்டளைகளைப் போட்டால், மேல்நோக்கிய வீச்சு ஸ்கெட்சில் ஒன்றாகவும் பார்ட்டில் வேறொன்றாகவும் அமைந்து, கை குழம்பிவிடும். எனவே திசைக்கு ஒரு பொருளைக் கொடுத்து, அந்தப் பொருளை நான்கு நிலைகளிலும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

இந்த வகையில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. இடம், வலம் என்று சொல்வதைவிடத் திசையைச் சொல்வதுதான் நமக்கு எளிது. பீரோவை நகர்த்தும்போதுகூட "கொஞ்சம் தெக்க தள்ளு, கீழ்புறமா திருப்பு" என்றுதான் சொல்கிறோம். மேற்கே பொதிகை, கிழக்கே கடல், தாமிரபரணி மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது என்பது கண்ணை மூடினாலும் தெரியும். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய நான்கு ரத வீதிகளுக்குப் பெயரே திசைகள்தாம். மூலைகளுக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது: வடகிழக்கு ஈசானிய மூலை, தென்கிழக்கு அக்னி மூலை, தென்மேற்கு கன்னி மூலை, வடமேற்கு வாயு மூலை. திரையின் மேற்புறத்தை வடக்கு என்று கொண்டால், எட்டு வீச்சுகளுக்கும் எவரும் மறக்கமாட்டாத எட்டுப் பெயர்கள் கிடைத்துவிடுகின்றன. எங்கள் வரைவறையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும்போது இந்தப் பெயர்களைத்தான் பயன்படுத்துகிறோம்.

நான் வகுத்துக்கொண்ட ஏற்பாடு இதுதான்: வடக்கு அளக்கும், தெற்கு பார்க்கும், கிழக்கு சேர்க்கும், மேற்கு கழிக்கும். ஸ்கெட்ச் நிலையில் வடக்கே அளவு கொடுக்கும் ஸ்மார்ட் டைமென்ஷன், தெற்கே தளத்தை நேராகத் திருப்பிக் காட்டும் நார்மல் டூ, கிழக்கே கோடு, மேற்கே வேண்டாத கோட்டை வெட்டும் டிரிம். பார்ட் நிலையில் வடக்கே மெஷர், தெற்கே அதே நார்மல் டூ, கிழக்கே பொருளைச் சேர்க்கும் எக்ஸ்ட்ரூட் பாஸ், மேற்கே பொருளைக் கழிக்கும் எக்ஸ்ட்ரூட் கட். பாஸும் கட்டும் நேரெதிர்த் திசைகளில் இருப்பதால் ஒன்றை நினைக்கும்போதே மற்றதும் நினைவுக்கு வருகிறது.

மூலைகளில் ஈசானியத்தை ஸ்கெட்சுக்குள் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் ஒதுக்கியிருக்கிறேன். பார்ட்டில் ஈசானியத்துக்கு வீசினால் ஸ்கெட்ச் திறக்கும், ஸ்கெட்சுக்குள் அதே வீச்சு அதை மூடும். மிக அடிக்கடி நிகழும் செயல் என்பதால் இரண்டு சக்கரங்களிலும் ஒரே மூலையில் வைத்தது பெரிய நிம்மதியைத் தந்தது. ஸ்கெட்சில் அக்னி மூலையில் மையச் செவ்வகம், வாயு மூலையில் வட்டம், கன்னி மூலையில் கண்ணாடிப் பிம்பம்போல் நகலெடுக்கும் மிரர். பார்ட்டில் வாயு மூலையில் துளையிடும் ஹோல் விசார்ட், அக்னி மூலையில் மூன்று பக்கங்களும் சாய்வாகத் தெரியும் ஐசோமெட்ரிக் காட்சி, கன்னி மூலையில் வெட்டுத்தோற்றம். அசெம்பிளியில் கிழக்கே புதிய உறுப்பைக் கொண்டுவருதல், ஈசானியத்தில் உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்தும் மேட். டிராயிங்கில் வடக்கே மீண்டும் ஸ்மார்ட் டைமென்ஷன், கிழக்கே புதிய தோற்றத்தைச் சேர்த்தல். எஞ்சியவற்றை உங்கள் தாளில் உள்ள கோடுகள் தீர்மானிக்கட்டும்.

எத்தனை வீச்சுகள் வேண்டும்

2018ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து சாலிட்வொர்க்ஸில் 2, 3, 4, 8 அல்லது 12 வீச்சுகளைத் தேர்ந்தெடுக்கலாம். வட்டம் 360 பாகை என்பதால் கணக்கு எளியது. நான்கு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 90 பாகை. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 45 பாகை வரை கை பிசகலாம். எட்டு வைத்தால் பிசகு 22.5 பாகைக்குள் அடங்க வேண்டும். பன்னிரண்டு வைத்தால் 15 பாகைதான். மவுஸை நாம் தோளிலிருந்து நேராக நகர்த்துவதில்லை. மணிக்கட்டை அச்சாகக் கொண்டு சுழற்றுகிறோம், ஆகவே கிழக்கு மேற்கு வீச்சுகள் நேர்க்கோடாக அமையாமல் வளைகோடாக வருகின்றன. மவுஸையே சற்று சாய்த்துப் பிடிப்பவர்களுக்கு வடக்கு என்று நினைத்து வீசுவது பக்கத்து மூலைக்குப் போய்விடக்கூடும். 15 பாகைக்குள் இந்தப் பிசகுகள் அடங்குவது கடினம்.

நானும் தொடக்கத்தில் பன்னிரண்டையும் நிரப்பினேன். வீச்சு தவறத் தவற, ஒவ்வொரு முறையும் சக்கரம் விரியும்வரை காத்திருந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. அதன்பின் அது ஐகான் தேடுவதற்குச் சமமாகிவிட்டது. எட்டுக்கு இறங்கிய பிறகுதான் கண் திரையின் நடுவிலேயே நின்றது. புதிதாகத் தொடங்குபவர் நான்கோடு தொடங்கி, அவை பழகியபின் எட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நான்கிலிருந்து எட்டுக்குச் செல்லும்போது முதன்மைத் திசைகள் நான்கும் இடம் மாறாமல் இருந்தால் பழையது எதையும் மறக்க வேண்டியதில்லை.

சாலிட்வொர்க்ஸில் அமைத்தல்

ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்துகொள்ளுங்கள்; கோப்பு எதுவும் திறந்திராதபோது தனிப்பயனாக்கும் பெட்டி கிடைக்காது. டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டி திறக்கும். அதில் மவுஸ் ஜெஸ்ச்சர்ஸ் என்ற தாவலுக்குச் செல்லுங்கள். வீச்சுகளை இயக்குவதற்கான கட்டத்தில் குறி இட்டு, அருகிலுள்ள பட்டியலில் எத்தனை வீச்சுகள் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018 முதலான பதிப்புகளில், ஒரு பக்கம் கட்டளைப் பட்டியலும், மறுபக்கம் நான்கு நிலைகளுக்கான சக்கரங்களும் தெரியும்.

தேடும் இடத்தில் கட்டளையின் பெயரைத் தட்டச்சு செய்து, பட்டியலில் அது தெரிந்ததும், அதைப் பிடித்து இழுத்துச் சக்கரத்தில் உரிய திசையில் விடுங்கள். முன்பிருந்த கட்டளையின் இடத்தைப் புதியது எடுத்துக்கொள்ளும். வேண்டாத கட்டளையைச் சக்கரத்துக்கு வெளியே இழுத்துவிட்டால் அது நீங்கிவிடும். அதற்கு முந்தைய பதிப்புகளில் சக்கரம் தெரியாது. கட்டளையின் வரிக்கு நேரே ஒவ்வொரு நிலைக்கும் உள்ள கட்டத்தில் அம்புத் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எந்தப் பதிப்பானாலும், ஒரு நிலையின் சக்கரத்தை முழுமையாக முடித்துவிட்டு அடுத்த நிலைக்குச் செல்லுங்கள். முடித்ததும் சரி என்பதைச் சொடுக்கி வெளியேறலாம்.

நிறுவியவுடன் பார்ட், அசெம்பிளி நிலைகளில் நான்கு வீச்சுகளும் மேல், கீழ், இடம், வலம் என்ற காட்சிகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். நாளெல்லாம் காட்சிகளைத் திருப்புவதே வேலையாக உள்ளவருக்கு அது போதும்; ஆனால் மவுஸின் நடுவிலுள்ள உருளையை அழுத்திப் பிடித்து மாடலைச் சுழற்றத் தெரிந்தவருக்கு அந்த இடங்கள் வீணாகின்றன.

ஓர் அடித்தட்டை வரைந்து பழகுதல்

அமைத்தவுடன் உண்மையான ஒரு பொருளை வரைந்து பார்ப்பதுதான் நல்ல பயிற்சி. 30 மி.மீ. தண்டுக்கான யூசிபி 206 பிளம்மர் பிளாக்கை எடுத்துக்கொள்வோம். அதன் போல்ட் துளைகளுக்கு இடையே உள்ள மையத் தூரம் 121 மி.மீ.; பொருத்தும் போல்ட் 14 மி.மீ. இதற்கு 200 நீளம், 60 அகலம், 10 கனம் கொண்ட தட்டில் 16 மி.மீ. துளைகள் இரண்டு வேண்டும்.

புதிய பார்ட்டைத் திறந்து, இடப்புறப் பட்டியலில் டாப் பிளேனை (மேல் தளத்தை) சொடுக்குங்கள். வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்தி ஈசானியத்துக்கு வீசினால் ஸ்கெட்ச் திறக்கும். உடனே அக்னி மூலைக்கு வீசி மையச் செவ்வகத்தை எடுத்து, ஆதிப்புள்ளியில் ஒரு சொடுக்கும் வெளியே ஒரு சொடுக்கும் இட்டு வரையுங்கள். வடக்கே வீசி ஸ்மார்ட் டைமென்ஷனை எடுத்து, நீளத்துக்கு 200, அகலத்துக்கு 60 என்று கொடுங்கள். ஈசானியத்துக்கு வீசி வெளியேறுங்கள். கிழக்கே வீசினால் எக்ஸ்ட்ரூட் பாஸ் திறக்கும். எந்த ஸ்கெட்ச் என்று கேட்டால் இப்போது வரைந்ததைச் சொடுக்குங்கள். கனம் 10 என்று கொடுத்து ஒப்புக்கொள்ளுங்கள்.

இனித் தட்டின் மேற்பரப்பைச் சொடுக்கி மறுபடியும் ஈசானியம். தட்டு சாய்ந்து தெரிந்தால் தெற்கே வீசினால் நேராகிவிடும். வாயு மூலைக்கு வீசி வட்டத்தை எடுத்து, ஆதிப்புள்ளிக்கு நேர்கிடையாக இருபுறமும் ஒவ்வொரு வட்டம் வரையுங்கள். வடக்கே வீசி, இரு வட்டங்களுக்கும் விட்டம் 16, ஆதிப்புள்ளியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தூரம் 60.5 என்று கொடுங்கள். ஈசானியத்தில் வெளியேறி, மேற்கே வீசி எக்ஸ்ட்ரூட் கட்டை எடுத்து, முழுக் கனத்துக்கும் ஊடுருவும்படி தேர்ந்தெடுங்கள். கடைசியாக வடக்கே வீசி மெஷரை எடுத்து, இரு துளைகளையும் தொட்டு 121 வருகிறதா என்று சரிபாருங்கள். இந்தக் கடைசி வீச்சைத் தவிர்க்காதீர்கள். தட்டு வெட்டிய பிறகு தெரியவரும் தவறைத் திருத்துவது கடினம்.

எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு வீச்சுகள். ஐகான் வழியில் திரையின் உச்சிக்குச் செய்திருக்க வேண்டிய பன்னிரண்டு பயணங்கள் இவை. முதல் நாளில் ஒவ்வொரு வீச்சையும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்யுங்கள்: பொத்தானை அழுத்திச் சிறிது இழுத்து, சக்கரம் விரிந்ததும் ஐகானைக் கண்ணால் உறுதிசெய்து, அதைக் கடந்து இழுங்கள். தவறான திசை என்று தெரிந்தால் சக்கரத்துக்குள்ளேயே பொத்தானை விட்டுவிடுங்கள், எதுவும் தொடங்காது. அதே தட்டைத் தினமும் காலையில் ஒருமுறை வரைந்து வந்தால், சில நாட்களில் சக்கரம் விரிவதற்கு முன்பே கட்டளை தொடங்கிவிடுவதை நீங்களே கவனிப்பீர்கள். விரைவாக்க வேண்டும் என்று முயல வேண்டியதில்லை. திசை உறுதியானால் விரைவு தானாக வரும்.

இடையூறுகளும் தீர்வுகளும்

அசெம்பிளியில் ஓர் உறுப்பின் மேல் அம்புக்குறி இருக்கும்போது வலது பொத்தானால் இழுத்தால், சக்கரம் வராமல் அந்த உறுப்பே சுழலத் தொடங்கும். அசெம்பிளியில் எப்போதும் வெற்றிடத்திலிருந்து வீச்சைத் தொடங்குங்கள். புதியவர்கள் வீச்சு வேலை செய்யவில்லை என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

வலது பொத்தானை அசைக்காமல் சொடுக்கினால் வழக்கமான குறுக்குப்பட்டியல்தான் திறக்கும். வீச்சு அதைப் பறித்துக்கொள்வதில்லை. வீசும்போது அந்தப் பட்டியல் அடிக்கடி திறந்தால், நீங்கள் மிகக் குறைந்த தூரம் இழுக்கிறீர்கள் என்று பொருள். மாறாக, நன்றாக இழுத்தும் இடையில் அறுந்துபோனால் மவுஸைச் சந்தேகியுங்கள். வலது பொத்தானின் சுவிட்ச் தேய்ந்துவிட்டால், அழுத்திப் பிடித்திருக்கும்போதே ஒரு கணம் தொடர்பு விட்டுச் சேரும். சாதாரண வேலைகளில் தெரியாத இந்தக் கோளாறு வீச்சில் உடனே தெரிந்துவிடும். பட்டறைத் தூசி படியும் இடத்தில் வைத்திருக்கும் மவுஸ்களுக்கு இது விரைவில் வரும். மடிக்கணினியின் தொடுபலகையில் வீச்சைப் பழக முயலாதீர்கள். நல்ல மவுஸும் அடியில் ஒரு விரிப்பும் வேண்டும்.

இடக்கைப் பழக்கமுள்ளவர் விண்டோஸில் பொத்தான்களை மாற்றி வைத்திருந்தால், வீச்சும் அவருடைய இரண்டாம் பொத்தானுக்கே மாறிவிடும். தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பிற மென்பொருள்களில்

இன்வென்டரில் இதன் பெயர் மார்க்கிங் மெனு. 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. வலது பொத்தானைச் சொடுக்கினால் எட்டுத் திசைப் பட்டியல் விரியும். அழுத்தியவுடன் இழுத்தால் பட்டியல் விரியாமலேயே கட்டளை தொடங்கும். டூல்ஸ் தாவலிலுள்ள கஸ்டமைஸ் பெட்டியில் இதை மாற்றலாம், கோப்பாக ஏற்றுமதி செய்து இன்னொரு கணினிக்குக் கொண்டுசெல்லவும் முடியும். ஃபியூஷனிலும் இதே வகைப் பட்டியல் உண்டு. அங்கே வடக்குத் திசை முந்தைய கட்டளையை மீண்டும் எடுப்பதற்காக இருக்கிறது. ஒரே போல்ட்டையோ துளையையோ திரும்பத் திரும்ப வைக்கும்போது அது மிக உதவும். சாலிட் எட்ஜில் வலது பொத்தானை அழுத்திப் பிடித்தால் உள்வட்டம், வெளிவட்டம் என்று பதினாறு இடங்கள் விரிகின்றன. என்எக்ஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி மவுஸின் மூன்று பொத்தான்களில் எதை அழுத்துகிறோமோ அதற்கேற்ப மூன்று வெவ்வேறு வட்டப் பட்டிகள் கிடைக்கும்.

நம் பகுதியில் இருபரிமாண வரைவுக்கே அதிக வேலை இருப்பதால், ஸெட்டபிள்யூகேட் (ZWCAD), டிராஃப்ட்சைட் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். முன்னதில் ஸ்மார்ட் மவுஸ் என்ற பெயரிலும் பின்னதில் மவுஸ் ஜெஸ்ச்சர் என்ற பெயரிலும், வலது பொத்தான் வீச்சுக்குக் கட்டளைகளை ஒதுக்கும் வசதி இருக்கிறது. நான் மேலே சொன்ன திசைப்பொருள்களை அப்படியே இவற்றுக்கும் கொண்டுசெல்லலாம்: வடக்கே அளவு, கிழக்கே கோடு, மேற்கே டிரிம்.

ஆட்டோகேடில் இத்தகைய சக்கரம் உள்ளமைந்ததாக இல்லை. அதன் பலம் விசைப்பலகைச் சுருக்கெழுத்துகளில் இருக்கிறது. இடக்கை விசையிலும் வலக்கை மவுஸிலும் பழகிய வரைவாளருக்கு வீச்சு அவசியமில்லை என்றே சொல்வேன். விரும்புபவர் விண்டோஸுக்கான ஸ்ட்ரோக்ஸ்பிளஸ் போன்ற துணை நிரலை நிறுவி, ஒரு வீச்சுக்கு ஒரு விசைத்தொடரை ஒதுக்கலாம். அப்போது விசைத்தொடரின் முதலில் எஸ்கேப்பை இருமுறை சேர்த்துக்கொள்ள வேண்டும்; இல்லையெனில் பாதியில் நிற்கும் கட்டளைக்குள் புதிய எழுத்துகள் போய் விழும். வலது பொத்தானுக்கு ஆட்டோகேடில் வேறு வேலைகள் இருப்பதால், மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானில் இதை அமைப்பது நல்லது.

உரிமச் செலவில்லாமல் கற்க விரும்பும் ஐடிஐ மாணவர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் ஃப்ரீகேட் இருக்கிறது. 2002இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. அதன் ஆட்ஆன் மேலாளரில் பைமெனு என்று தேடி நிறுவினால், டேப் விசையை அழுத்தியதும் அம்புக்குறியைச் சுற்றிக் கட்டளைகள் விரியும். எவை வரவேண்டும் என்பதை நாமே அமைக்கலாம். ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்: ஃப்ரீகேடில் ஜெஸ்ச்சர் என்று பெயரிட்ட ஒரு வழிசெலுத்தல் முறையும் உண்டு, அது காட்சியைத் திருப்பவும் நகர்த்தவும் மட்டுமே, கட்டளைகளோடு அதற்குத் தொடர்பில்லை.

அமைப்பைப் பாதுகாத்தல்

ஒருமுறை கணினி பழுதுபார்க்கச் சென்று விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டுத் திரும்பியபோது, ஓராண்டாகச் செதுக்கிய என் சக்கரங்கள் முழுவதும் போயிருந்தன. கை மேற்கே வீசினால் திரையில் இடப்புறக் காட்சி வந்து நின்றது. நினைவிலிருந்து மீட்டெடுக்க ஒரு முழு மாலை ஆயிற்று.

ஆகவே அமைத்து முடித்த அன்றே டூல்ஸ் மெனுவில் அமைப்புகளைச் சேமிக்கும் பகுதிக்குச் செல்லுங்கள். எவற்றைச் சேமிப்பது என்று கேட்கும் பட்டியலில் மவுஸ் ஜெஸ்ச்சர்ஸ் என்பதற்கு நேரே குறி இருப்பதை உறுதிசெய்து, கிடைக்கும் கோப்பைப் பென்டிரைவில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய கணினியில் அதே இடத்தில் மீட்டெடுக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பைக் காட்டினால் போதும். ஒரே கணினியில் இரண்டு ஷிஃப்ட்டிலும் ஆட்கள் மாறி வேலை செய்யும் இடங்களில், ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு வைத்துக்கொண்டால் ஒருவருடைய சக்கரம் மற்றவருடையதைக் கலைக்காது. வரைவறைக்கு ஒரே ஏற்பாடு என்று முடிவுசெய்திருந்தால், எட்டுத் திசைகளையும் நான்கு நிலைகளையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, மானிட்டரின் அடியில் ஒட்டிவையுங்கள். புதிதாக வருபவர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார். மென்பொருளின் பதிப்பை உயர்த்திய அன்று, வேலையைத் தொடங்குவதற்கு முன் அந்தத் தாளோடு நான்கு சக்கரங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இடம் மாறிய கட்டளை ஏதேனும் இருந்தால், கை அந்தப் புதிய இடத்துக்குப் பழகுவதற்குள் அன்றே அதைப் பழைய திசைக்குத் திருப்பிவிடுங்கள்.